தாளில் இல்லாத ஏணி

இதை எனக்கு முதலில் சொன்னவர் சவரிநாதன் அண்ணன். இப்போது என் மூத்த மகளுக்கு மாமனார். அன்றைக்கு அந்த உறவு இன்னும் ஆகவில்லை. 2009-ஆம் வருஷம், மாதா பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகளின் கல்யாண அறிவிப்பாகக் கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து இரண்டு வீட்டாரும் பங்குச் சாமியார் வீட்டு வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். என்ன பேசுவது என்று தெரியாமல், உங்களுக்கு என்ன வேலை அண்ணே, வீடு கட்டுவதா என்று கேட்டேன்.

இல்லை என்றார். ஆலைகளுக்குப் பெரிய பெரிய கொட்டகை போடுகிறார்களே, அது நிற்குமா விழுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற வேலை என்றார். பிறகு தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி இதைச் சொன்னார்.

சவரிநாதன் இருபத்திரண்டு வருஷம் டிராயிங் போட்டவர். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு கட்டம் இருக்குமாம். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், பொறுப்பு ஏற்பவர் யார் என்று மூன்று வரி. இவர் பெயர் முதல் வரிக்குக் கீழே இறங்கினதே இல்லை. சாயங்காலக் கல்லூரியில் படித்து நாற்பத்து மூன்று வயதில் இன்ஜினியர் ஆனார். கடைசி வரியில் கையெழுத்துப் போடுகிற தகுதி வந்தது. போடத்தான் ஒரு தாள் இல்லை.

கோயமுத்தூரில் கோகிலவாணி அம்மாவிடம் வேலை கற்கப் போய்ச் சேர்ந்தார். அந்தம்மா இவரைவிட ஏழு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரைச் சவரியண்ணா என்பார். நம்ம ஆபீஸில்தான் குருவுக்குத் தலை கறுப்பு, சீடருக்கு நரை என்று மற்றவர்கள் கேலி பேசுவார்களாம். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு வருஷம் கழிந்தது. காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலை வேலை வந்தது. முதலாளி பெயர் நாச்சிமுத்து. பாய்லருக்குப் பக்கத்தில் நெல் மூட்டை அடுக்க, பழைய கொட்டகையை ஒட்டிப் புதுசாக ஒன்று வேண்டும் என்றார். கோகிலவாணி அம்மா அதை முழுக்கச் சவரிநாதன் கையில் கொடுத்தார். கடைசி வரி உங்களுடையது என்றார்.

சவரிநாதன் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் முதலில் இதைத்தான் சொன்னாராம்.

கணக்குப் போட்டு அனுப்பினார். நாச்சிமுத்து போன் செய்தார். இரும்பு ரொம்பப் பிடிக்கிறது, வேறு ஆபீஸில் இதைவிட ஒல்லியாக முடித்துத் தருகிறோம் என்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் குறைத்துக் கொடுத்தால் உங்களிடம், இல்லாவிட்டால் அவர்களிடம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சவரிநாதனுக்குப் பயமாக இருந்தது.

இந்தக் கணக்குப் பார்க்கிற வேலைக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. எந்தக் கூரை எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஆள் ஏறி நடமாடுகிற கூரை ஒரு வகை. எப்போதாவது பராமரிப்புக்கு ஏறுவதைத் தவிர யாரும் ஏறாத கூரை இன்னொரு வகை. இரண்டாவது வகை, முதலாவதில் பாதி எடை தாங்கினால் போதும்.

சவரிநாதன் இரண்டு ராத்திரி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலாம் தாளில் சுவர் ஓரமாக வரைந்திருந்த ஏணியை அழித்தார். ஏணி இல்லாவிட்டால் ஆள் ஏறுவதில்லை. ஆள் ஏறாவிட்டால் பாதி எடை. கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டினார். கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டங்கள் எல்லாம் மெலிந்தன. கணக்கில் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

வியாழக்கிழமை அதை மேடத்தின் மேசையில் விரித்தார். அந்தம்மா ஒவ்வொரு தாளாகப் பார்த்து நாலாம் தாளில் நின்றார்.

“ஏணி எங்கேங்க சவரியண்ணா?”

“எடுத்துட்டேன் மேடம்.”

“ஏன்?”

சவரிநாதன் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். பாய்லர் புகையோடு வந்து கூரையில் விழுகிற சாம்பலைக் கூட்ட யாராவது ஏறினாலும் அது பராமரிப்புதான், இரண்டாம் வகைக்குள்தான் வரும் என்றார். தான் புத்தகத்துக்கு விரோதமாக ஒரு கோடு போட்டிருந்தாலும் சுட்டிக்காட்டச் சொன்னார். பேசப்பேச அவருக்கே தைரியம் வந்தது.

கோகிலவாணி அம்மா அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார்.

“விரோதமா ஒண்ணும் இல்லைங்க” என்றார்.

“அப்ப புத்தகமே விட்டதை நாம ஏன் மேடம் பிடிச்சுக்கணும்?”

அந்தம்மா நாலாம் தாளை மட்டும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார். நாளைக்குக் காலையில் ஏழு மணி பஸ் என்றார்.

ராத்திரி நல்ல மழை. காங்கேயத்தில் இறங்கும்போது தூறல் விட்டிருந்தது. ஆலைக்குள் போனதும் அந்தம்மா பழைய கொட்டகை முன்னால் நின்றார். கட்டப்போகிற புதுக் கொட்டகை இதன் அச்சுதான், இதே புகைபோக்கியின் கீழ்தான் வரும். இந்தப் பழைய கொட்டகையின் டிராயிங்கும் அவரிடம் இருந்தது. அதிலும் ஏணி இல்லை.

சுவரில் நீளமான மூங்கில் ஏணி ஒன்று சாத்தியிருந்தது. அதன் படிகள் நடுவில் தேய்ந்து பளபளவென்று இருந்தன.

“கூரை வரைய ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சுங்க?” என்று கேட்டார்.

இருபத்து மூன்று என்றார் சவரிநாதன்.

“எத்தனை கூரை மேல நின்னிருக்கீங்க?”

சவரிநாதன் யோசித்தார். எப்படி யோசித்தாலும் ஒரே விடைதான். எதன்மேலும் நின்றதில்லை.

“ஏறிப் பார்த்துட்டு வாங்க” என்றார் அந்தம்மா.

ஏறினார். மேலே ஆறு பெண்கள் இருந்தார்கள். தலையில் துண்டு கட்டி, கையில் தென்னை விளக்குமாறும் தகரக் கூடையுமாக. பாய்லரில் உமி எரித்த சாம்பல், புகைபோக்கி வழியாக வந்து கூரை முழுக்க விழுந்துகிடந்தது. உமிச்சாம்பல் காய்ந்திருந்தால் ஊதினால் பறக்கும். நனைந்தால் களிமண்ணைவிடக் கனக்கும். அதை நாலு பக்கமிருந்தும் கூட்டிக்கொண்டு வந்து ஓர் ஓரத்தில் குவிப்பார்கள். அங்கிருந்து கூடை கூடையாகக் கீழே தள்ளுவார்கள்.

சவரிநாதன் ஓர் அடி வைத்தார். காலடியில் தகரம் தொம் என்று உள்வாங்கியது. வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அங்க மிதிக்காதீங்க சாமி” என்றாள் அவர்களில் மூத்தவள். பெயர் மாராயி. “ஆணி வரிசை மேலயே கால வைங்க. ஆணிக்கு அடியிலதான் இரும்பு இருக்குது. நடுவுல மிதிச்சா கூப்பிடும்.”

“யார் கூப்பிடும்?”

“பூமிதான்” என்றாள் மாராயி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் ஆணி வரிசையைப் பிடித்து, கயிற்றில் நடப்பதுபோல் நடந்தார். சட்டம் எங்கே இருக்கிறது என்று கூரைக்கு மேலிருந்தே இந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இருபத்து மூன்று வருஷம் வரைந்தவருக்கு அதைக் கால் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை ஏறுகிறீர்கள் என்று கேட்டார். வெயில் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மழை பிடித்துக்கொண்டால் தினமும் என்றாள் மாராயி.

“எதாவது பழுது வந்தா, அந்த மாதிரி பராமரிப்புக்குத்தானே ஏறுவீங்க?”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க சாமி. எங்களுக்கு இதுதானுங்க வேலை.”

சவரிநாதன் ஓரத்துக் குவியலைப் பார்த்தார். முழங்கால் உயரம். கறுத்து, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மூன்று பெண்கள் கூடை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தாள் இல்லாமலே அவருக்குக் கணக்கு வந்தது. அந்த இடத்து எடை புத்தகத்தின் இரண்டாம் வகையைத் தாண்டி, முதல் வகையையும் தாண்டியிருந்தது.

இறங்கலாம் என்று திரும்பி விளிம்புக்கு வந்தார். ஏணி இல்லை.

எட்டிப் பார்த்தார். கோகிலவாணி அம்மாவும் வாட்ச்மேனும் ஏணியைத் தூக்கித் தரையில் படுக்கப்போட்டிருந்தார்கள். அந்தம்மா நாலாம் தாளைக் கையில் விரித்துப் பிடித்திருந்தார்.

“மேடம், ஏணி?”

“தாள்ல இல்லைங்க சவரியண்ணா.”

மேலே இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நமக்கென்ன, சோற்று வேளைக்குத்தான் இறங்கப்போகிறோம், அதுவரைக்கும் சார் துணைக்கு இருக்கட்டும் என்றாள் ஒருத்தி. சாருக்கு ஒரு விளக்குமாறு கொடுங்கள், சும்மா நிற்பானேன் என்றாள் இன்னொருத்தி. சவரிநாதனுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. மேடத்தின்மேல் வந்த கோபம், பாதி வழியில் எங்கேயோ திரும்பிவிட்டது என்று சொன்னார்.

அப்போது முதலாளியின் கார் வந்து நின்றது.

நாச்சிமுத்து இறங்கி, மேலே பார்த்து, கீழே பார்த்து, என்ன கூத்து என்று கேட்டார். கோகிலவாணி அம்மா தாளை அவரிடம் நீட்டினார். அவர் பார்த்தவுடனே முகம் மலர்ந்தது. இரும்பு இறங்கியிருக்கிறதே, இதைத்தானே அன்றைக்கே கேட்டேன் என்றார். தொழிற்சாலை அனுமதிக்கு இன்றைக்கே போக வேண்டும், கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார். கடைசி வரியில் யார் பெயர் என்று குனிந்து படித்தார்.

“சவரிநாதன் சார்” என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். “வேலைன்னா இதுங்க. இறங்கி வந்து கையெழுத்தப் போடுங்க. என் தம்பி ஆலை ரெண்டு, மச்சான் ஆலை ஒண்ணு. எல்லாம் இனி உங்க பேர்லதான்.”

இருபத்திரண்டு வருஷம் முதல் வரியிலேயே நின்ற பெயர். அதை ஒரு முதலாளி வாயால் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பொய் சொல்லமாட்டேன் தங்கச்சி, ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டேன் என்றார் சவரிநாதன் என்னிடம்.

முதலாளி வாட்ச்மேனைப் பார்த்து ஏணியை எடுத்து வை என்றார்.

“வைக்காதீங்க” என்றார் சவரிநாதன்.

வாட்ச்மேன் ஏணியைப் பாதி தூக்கினபடி நின்றான்.

“ஏனுங் சார்?” என்று கேட்டான்.

“முதல்ல தாள்ல வரையணுங்க. அப்புறம் சுவர்ல வைங்க.”

நாச்சிமுத்து சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். அப்புறம் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. என் ஆலை, என் ஏணி, என் கூரை, இறங்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

“உங்க டிராயிங்படி இங்கே யாரும் இல்லைங்க. இல்லாத ஆள் எப்படி இறங்கறது?”

முதலாளிக்கு முகம் சிவந்தது. மாராயியைப் பார்த்து, என்ன வேடிக்கை பார்க்கிறாய், வேலையைப் பார் என்று சத்தம் போட்டார்.

மாராயி தகரக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, ஆணி வரிசை பார்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“சாரே இங்க இல்லையாமுங்க மொதலாளி. அப்ப நாங்க மட்டும் எங்கிருந்து வந்தோமுங்க?”

மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருத்தியாக விளக்குமாற்றைக் கீழே வைத்தார்கள்.

நாச்சிமுத்து கோகிலவாணி அம்மா பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். புத்தகத்தில் இல்லாததையா நான் கேட்டேன், உங்கள் ஆளே புத்தகத்தைப் பார்த்துத்தானே வரைந்தார் என்றார். வேண்டுமானால் யாரும் கூரையில் ஏறமாட்டார்கள் என்று கடிதம் எழுதித் தருகிறேன், அதை வைத்துக் கையெழுத்துப் போடலாமே என்றார்.

“எழுதுங்க” என்றார் அந்தம்மா. “அந்தக் கடுதாசியில சாம்பலும் விழாதுன்னு சேர்த்து எழுதுங்க. புகைபோக்கி கையெழுத்துப் போடட்டும்.”

நாச்சிமுத்து எழுதவில்லை. உங்கள் ஆபீஸ் ஒன்றுதானா ஊரில் இருக்கிறது என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். ஆலை ஆபீஸுக்குத்தான் போனார், ஆனால் அந்த வேலை கைவிட்டுப் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கோகிலவாணி அம்மா ஒரு நெல் மூட்டைமேல் தாளை விரித்தார். சிவப்புப் பென்சிலால், அழித்த இடத்திலேயே ஏணியை வரைந்தார். படி படியாக, அவசரமில்லாமல். வரைந்து மேலே தூக்கிக் காட்டினார்.

“சாம்பலும் போடுங்க மேடம்” என்றார் சவரிநாதன் மேலிருந்து. “ஓரத்துல. முழங்கால் உயரம். ஈரம்னு எழுதுங்க. பக்கத்துல ஆறு பேருன்னும் எழுதுங்க.”

அந்தம்மா எழுதினார். பிறகு ஏணி வந்தது.

சவரிநாதன் இறங்கி, கையைக்கூடத் துடைக்காமல் அந்தத் தாளை வாங்கினார். சட்டங்களின் அளவை ஒவ்வொன்றாக அடித்து, முதன்முதலில் அனுப்பிய அளவைவிட ஒரு படி கூடுதலாக எழுதினார். கடைசி வரியில் கையெழுத்துப் போட்டார். யாருமே கேட்காத தாள். அவர் போட்ட முதல் கையெழுத்து அதில்தான். அதை வாட்ச்மேனிடம் கொடுத்து முதலாளியின் மேசையில் வைக்கச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கோவை பஸ் இரண்டு போய்விட்டது. அந்தம்மா ஏறவில்லை, அதனால் இவரும் ஏறவில்லை.

மூன்றாவது பஸ் வருகிறபோது சவரிநாதன் கேட்டார். புத்தகத்தில் இடம் இருந்தது. முதலாளி சொன்ன அந்த வேறு ஆபீஸ்காரர் அந்த இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுத் தரத்தான் போகிறார்.

“புத்தகம் சரின்னு சொல்லியும் ஏன் மாட்டேன்னீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா, என்ன சொல்றது மேடம்?”

கோகிலவாணி அம்மா பையைத் தோளில் மாட்டினார்.

“அதை யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். புத்தகம் சரின்னுச்சுன்னா நீங்களும் ஏன் சரின்னீங்கன்னு மாராயி கேட்டிருந்தா, அதுக்கு நீங்கதானுங்க சொல்லணும்.”

சவரிநாதன் பஸ்ஸில் ஏறினார்.

என்னிடம் அதோடு நிறுத்திக்கொண்டார். காபி ஆறியிருந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிவந்து கொடுத்தேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாராவது மேலே ஏறி வேலை செய்தால், அவர்கள் இறங்குகிற வரைக்கும் கீழே கொஞ்சம் நில்லுங்கள்.